புதியவர்களுக்கான பாட்டு

பெர்கன் நகரத் தேவாலயத்தில் பாட்டுக்குழுப் பொறுப்பைப் புதிதாக ஏற்ற ராக்னில், முதல் முறை வருபவர்களும் சேர்ந்து பாட வேண்டுமென்று எளிய பாட்டுகளாகவே தேர்ந்தெடுத்தாள். முன்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் தாளம் தப்பி, உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் அவரிடம் போனாள்.

"பெரியவரே, கொஞ்சம் மெதுவாப் பாடுங்களேன். புதுசா வர்றவங்க மிரண்டுடுவாங்க."

"மன்னிச்சுக்கம்மா," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அவரைக் காணவில்லை. ராக்னிலுக்கு மனசு உறுத்தியது. போதகர் எஸ்பனிடம் ஓடினாள்.

"நம்ம பழைய ஆள் ஒருத்தரைப் புண்படுத்திட்டேன், ஐயா. உரக்கப் பாடுவாரே, அவர் வீடு எங்க இருக்கு?"

"பழைய ஆளா? மூணு வாரமாத்தான் வந்தாரு. எழுபது வயசுல இப்பத்தான் முதல் தடவையா ஆராதனைக்கு வர்றாராம். 'பாட்டெல்லாம் சுலபமா இருக்கு, எனக்கே பாட வருது'ன்னு சந்தோஷப்பட்டாரு. வீடு எங்கன்னு நான் கேட்டுக்கலையே. அவர்கிட்ட என்னம்மா சொன்னே?"