பரணுக்குப் போகும் அச்சு

நாத்தனார் முதல் மஃபினை எடுத்து மூக்கருகே கொண்டுபோனதுமே இளைய மருமகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

சுங்கத்துறையில் பெட்டிகளைத் திறந்து பார்க்கிற உத்தியோகம் நாத்தனாருக்கு. லீவில் தம்பிகள் வீட்டுக்கு வந்தாலும் கண்ணுக்கு லீவு கொடுப்பதில்லை.

மேசையில் இரண்டு தட்டுகள். இடதுபக்கம் மூத்த மருமகள் சுட்டது, வலதுபக்கம் இளைய மருமகள் சுட்டது. இரண்டும் சாக்லேட் மஃபின். மாவு ஒன்று, ஓவன் ஒன்று. அச்சு மட்டும்தான் வேறு வேறு.

மூத்தவளுடையது இரும்பு அச்சு. குடித்தனம் வந்த நாளிலிருந்து அவளோடு இருக்கிறது. அதில் சுட்டால் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வரும்.

வெளியே வருவதுதான் பெரும்பாடு. எவ்வளவு வெண்ணெய் தடவினாலும் பாதி மஃபின் குழியிலேயே உட்கார்ந்துகொண்டு அடம்பிடிக்கும். சிங்க் விளிம்பில் கவிழ்த்துப் போட்டுத் தட்டித் தட்டியே ஓரக் குழி ஒன்று ஒரு பக்கமாக நசுங்கிவிட்டது.

இளையவளுடையது சிலிகான் அச்சு. கத்தரிப்பூ நிறம். அடியில் விரலால் ஓர் அழுத்து, மஃபின் சமர்த்தாக எழுந்து வந்துவிடும். கழுவுவதும் சுலபம்.

ஆனால் முதுகெலும்பு கிடையாது. மாவை ஊற்றித் தூக்கினால் நடுவில் தொய்ந்து காலில் கொட்டும். அடியில் தட்டையான தகரம் ஒன்றை வைத்துத்தான் ஓவனுக்குள் அனுப்பவேண்டும். என்ன செய்தாலும் ஓரம் மொறுக்காது.

"ஆவியில வேகவச்ச மாதிரி இருக்கு" என்பாள் மூத்தவள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போதாக்குறைக்கு இவள் கணவன் ஒருநாள் பசி பொறுக்காமல் கத்தியை விட்டு நெம்பினான். ஒரு குழியின் அடியில் பிறை மாதிரி கீறல் விழுந்தது. அன்றைக்கு முழுக்க அவனோடு இவள் பேசவில்லை.

அந்த அடுப்படியில் கரண்டியிலிருந்து மிக்ஸி வரை எல்லாமே மூத்தவள் வாங்கிப் போட்டவை. இளையவள் தன் சம்பளத்தில் வாங்கி வைத்தது இந்தக் கத்தரிப்பூ அச்சு ஒன்றுதான். அலமாரியிலோ, ஒரே ஓர் அச்சுக்குத்தான் இடம் என்று மூத்தவள் சாதித்தாள்.

"எது நல்லதுன்னு நம்ம நாத்தனார் அண்ணி லீவுல வந்து சொல்லட்டும். தோத்தது பரணுக்குப் போகட்டும்."

வீம்புக்கு இவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டியதிலிருந்து தூக்கம் போயிற்று.

ஒருத்தி சுடும்போது மற்றவள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. காலையில் மூத்தவள் கடைக்குப் போன சமயம் இளையவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் இவள் பல் டாக்டரிடம் போன சமயம் மூத்தவள் சாத்திக்கொண்டாள்.

இப்போது நாத்தனார் இடதுபக்க மஃபினைக் கடித்தாள். மென்றாள். தண்ணீர் குடித்தாள். வலதுபக்க மஃபினைக் கடித்தாள். இன்னொரு கடியும் கடித்தாள்.

"இதுதான்" என்று வலதுபக்கத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அந்த இன்னொரு அச்சை எடுத்துப் பரண்ல போட்டுடறேன்."

சொன்னதோடு நிற்காமல் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இளையவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கத்தரிப்பூ அச்சு பிழைத்தது! ஜெயித்தவளின் பெருந்தன்மையோடு, அக்கா சுட்டதையும் சாப்பிட்டுப் பார்ப்போமே என்று இடதுபக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

அடியில் பிறை மாதிரி ஒரு கோடு மேடாக எழும்பியிருந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகியது. இவள் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்த நேரத்தில், ஆவியில் வேகவைத்த மாதிரி என்று ஊரெல்லாம் சொன்ன அதே அச்சை எடுத்து, அதே வாய்க்காரி சுட்டிருக்கிறாள்! எப்படிப்பட்ட நெஞ்சழுத்தம்!

"அக்கா, இது..." என்று ஆரம்பித்து நிமிர்ந்தாள்.

மூத்தவள் இவளைப் பார்க்கவில்லை. வலதுபக்கத் தட்டிலிருந்து எடுத்த மஃபின் ஒன்று அவள் கையில் இருந்தது. அது ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

இளையவள் காலையில் சுட்டதும் தன் அச்சில் இல்லை. அக்கா கடையிலிருந்து திரும்புவதற்குள் அந்த இரும்பு அச்சைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுப்படியில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறை போட்ட மஃபின் முழுசாக இளையவள் வாய்க்குள் போனது. நசுங்கியது மூத்தவள் வாய்க்குள் போனது.

நாத்தனார் இரும்பு அச்சை ஏந்திக்கொண்டு வந்தாள். அதன் ஒவ்வொரு குழிக்குள்ளும் சிலிகான் அச்சின் ஒவ்வொரு குழி. அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மத்தியானம் யாரோ அவசரத்தில் அப்படிச் செருகிவைத்திருக்கிறார்கள்.

"ரெண்டும் ஒரே இடத்துலதானே இருக்கு? அப்புறம் எதுக்கும்மா பரணு?"

மருமகள்கள் இருவருக்கும் வாய் நிறைய மஃபின். இன்னும் மென்று முடியவில்லை.