ஸ்ரீகண்டன் வீட்டுப் போர்ட்டிகோ

“இந்த மரத்துக்குக் கீழே இனிமே காரை நிறுத்தாதேயும் ஓய். பெயிண்ட் போயிடும்.”

எதிர்வீட்டு ஸ்ரீகண்டன் குனிந்து, பானெட்டில் காய்ந்திருந்த காக்கை எச்சத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். தூங்குமூஞ்சி மரம் வேறு பிசுபிசுவென்று எதையோ சொட்டி வைத்திருந்தது. சேஷகிரி ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார்.

பழைய மாரிஸ் மைனர்தான். ஆனால் போன மாதம்தான் பட்டறையில் விட்டுப் புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். பெண் ருக்குவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பசவனகுடியிலிருந்து வருகிறார்கள். பையன் டெலிபோன் ஃபாக்டரியில் இஞ்சினியர். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. இதுவாவது கூடி வர வேண்டுமே என்று வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

“வேற எங்கே நிறுத்தறது? எங்காத்துக் கேட்ல சைக்கிள்தான் நுழையும்.”

“எங்காத்துப் போர்ட்டிகோ சும்மாதானே கெடக்கு? எனக்குத்தான் கார் வாங்கற யோகம் இல்லை. உம்ம காராவது நிக்கட்டுமே!”

சேஷகிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெங்களூர் மல்லேஸ்வரத்துக்குக் குடிவந்த இத்தனை வருஷத்தில் யாரும் அவருக்கு இப்படி வலிய வந்து உதவி செய்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் அங்கேயே நின்று ஒன்று விடாமல் சொன்னார்.

“பேஷ்! ருக்கு எனக்கும் பொண்ணு மாதிரிதான்” என்றார் ஸ்ரீகண்டன்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு சேஷகிரி எதிர்வீட்டுக்குப் போய்விடுவார். காய்ந்த தூசியைத் துணியால் தேய்த்தால் கோடு விழும் என்று முதலில் தண்ணீர் ஊற்றுவார். பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றியெடுப்பார். கடைசியில் மெழுகு.

“பொண்ணு தலைக்கு எண்ணெய் வாங்கிண்டு வாங்கோன்னா மறந்துடறது. காருக்கு மட்டும் டப்பா டப்பாவா மெழுகு!” என்று மனைவி ராஜலக்ஷ்மி இடித்துக் காட்டுவாள்.

“பொண்ணைப் பார்க்க வரவா காரையும் பார்ப்பாடி” என்பார் சேஷகிரி.

சனிக்கிழமை காலை அவர் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, குடையும் கையுமாக ஒரு பெரியவர் ஸ்ரீகண்டன் வீட்டுக்கு வந்தார். உள்ளே கொஞ்ச நேரம் காபியும் பேச்சுமாக இருந்தது. அப்புறம் ஸ்ரீகண்டன் வெளியே வந்து தலையைச் சொறிந்தார்.

“நமக்கு வேண்டியவர். வயசானவர், வெயில்ல நடக்க முடியாது. ஸ்வல்பம் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்...”

“இதுக்கென்ன ஓய், ஏறச் சொல்லும்!”

பெரியவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்ரீகண்டனும் அவர் பக்கத்திலேயே ஏறிக்கொண்டார். முன் சீட் காலியாகவே இருந்தது. சேஷகிரி அதை எங்கே கவனித்தார்? எதிரே வந்த பஸ் உரசிவிடுமோ என்பதுதான் அவர் கவலை.

“வண்டி ஓட்ட ஆரம்பிச்சு எத்தனை வருஷமாச்சு?” பின்னாலிருந்து பெரியவர் கேட்டார்.

“ஆறு வருஷம். இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் கிடையாது!”

“நல்ல கை” என்று பெரியவர் ஸ்ரீகண்டனிடம் சொன்னார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காரைத் தன் வாசலுக்குக் கொண்டுவரப் போன சேஷகிரியை ஸ்ரீகண்டன் தடுத்தார்.

“இப்ப கொண்டுபோய் மரத்தடியில நிறுத்தினா, அவா வர நேரத்துக்குக் காக்கா வேலையைக் காட்டிடும். இங்கேயே நிக்கட்டும். உம்மாத்துக் கூடத்துலேர்ந்து பார்த்தாலே நன்னாத் தெரியறதே!”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பத்து மணிக்கு டாக்சி வந்தது. வந்த டாக்சி ஸ்ரீகண்டன் வீட்டு வாசலில் நின்றது.

வீடு தெரியாமல் நிற்கிறார்கள் என்று சேஷகிரி கை கூப்பியபடி வாசலுக்கு ஓடினார். பையன் இறங்கினான், அப்பா அம்மா இறங்கினார்கள், இந்த வரனைக் கொண்டுவந்த தரகர் வெங்குட்டு இறங்கினார். கடைசியாக, குடையோடு நேற்றைய பெரியவர் இறங்கினார். பட்டு வேஷ்டியில் ஸ்ரீகண்டன் கேட்டைத் திறந்து, “வாங்கோ, வாங்கோ” என்றார். அவருக்குப் பின்னால் அவர் பெண் சுப்புலக்ஷ்மி தலை நிறைய மல்லிகையோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

பையனின் அம்மா போகிற போக்கில் பச்சை பானெட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். பெரியவர் சேஷகிரியைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஸ்ரீகண்டன் மட்டும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெங்குட்டு மட்டும் தெருவைக் கடந்து சேஷகிரியிடம் வந்தார். முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னய்யா இது? எங்காத்துக்கு வரவா அங்கே போறாளே!”

“டாக்சில ஏறினப்புறம்தான் சார் எனக்கே சொன்னா. அந்தக் குடைக்காரர் பையனோட மாமா. நேத்திக்கு உங்களைப் பத்தி விசாரிக்க வந்திருக்கார். அக்கம்பக்கத்துல விசாரிக்கறது வழக்கம்தானே?”

“சரி, விசாரிக்கட்டுமே. எனக்கென்ன குறைச்சல்? நீர் எடுத்துச் சொல்லப்படாதா?”

“எவ்வளவோ சொன்னேன் சார். ‘நான் கண்ணால பார்த்தேன், நீ சும்மா இரு’ன்னுட்டார்.”

உள்ளே கதவிடுக்கில் பட்டுப்புடவை சரசரத்தது. ருக்கு கேசரித் தட்டோடு நின்றிருந்தாள். சேஷகிரி குரலைத் தணித்துக்கொண்டார்.

“அந்த ஸ்ரீகண்டன் என்னைப் பத்தி அப்படி என்னய்யா தப்பாச் சொன்னான்?”

“தப்பா ஒண்ணுமே சொல்லலை சார்.” வெங்குட்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “‘எங்க டிரைவர் சேஷகிரியா? தங்கமான மனுஷன்’னாராம்.”