பாலம் என்னும் இன்மை

சுருட்டிய பத்திரிகையை உருட்டுக்கட்டை போலப் பிடித்துக்கொண்டு படியேறினாள் அவள். விமர்சகரின் மண்டையை உடைப்பதா, மூக்கை மட்டும் பெயர்ப்பதா என்பதுதான் மாடி வரும்வரை முடிவாகவில்லை.

பின்னே? திறந்த மறுவாரமே ஆற்றுக்குள் உட்கார்ந்துவிட்ட பாலத்தைப் பற்றி ஒரு வருஷம் நாயாக அலைந்து வீடியோ எடுத்திருந்தாள். பாலம் விழும், அமைச்சர் ரிப்பன் வெட்டுவார். மறுபடி விழும், மறுபடி வெட்டுவார். தொட்டில் குழந்தைக்கும் புரியும். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று, முதல் வரிசையில் இருந்த விமர்சகர் சிரித்த சிரிப்பில் அவருடைய பல்செட் கழன்று திரை வரைக்கும் உருண்டது.

அப்பேர்ப்பட்ட மனிதர் எழுதிய கட்டுரையில் அமைச்சரையே காணோம்! ‘பாலம் என்பது கரைகளின் ஏக்கம்; வீழ்ச்சி என்பது நீரின் நினைவு; கத்தரி என்பது காலம்’ என்று பக்கம் பக்கமாக ஓடியது.

நாளை மறுநாள் பொதுத் திரையிடல். அவளுடைய முந்தைய வீடியோவைத் தடைசெய்து தூக்கிப் போன அதிகாரிகள் புரொஜெக்டர், திரை, நாற்காலி என்று ஒன்றையும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சுவரையும் பெயர்த்து லாரியில் ஏற்றியிருப்பார்கள். இந்த ஒன்றாவது நாலு பேர் கண்ணில் பட்டு, நாலு பேருக்கு உறைக்க வேண்டுமே!

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். விமர்சகர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தடித்த மனிதர் அதே கட்டுரையில் வரிக்கு வரி சிவப்புக் கோடு போட்டபடி, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். யாரோ ரசிகர்! இவரையும் குழப்பியாயிற்றா என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன சார் எழுதி வெச்சிருக்கீங்க? கரைகளோட ஏக்கமா? அது சிமெண்ட்டைத் தின்னவனோட ஏப்பம் சார்!”

“வாம்மா, உட்காரு. ஒரு வாய் டீ...”

“டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம்! கத்தரி காலமாம், காலம்! அது அமைச்சர் சார்! படம் முழுக்க அமைச்சர்! அவரைத்தான் நாறடிச்சிருக்கேன்!”

தடித்தவரின் பேனா சட்டென்று நின்றது. “அப்படியா சார்?” என்று விமர்சகரைப் பார்த்தார்.

விமர்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். “பார்த்தீங்களா? படைப்பாளிக்கே தன் படைப்பு புரியறதில்ல. இல்லேன்னா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு என்ன சார் வேலை?”

“ஐயோ பாவம்!” தடித்தவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “நானும் முதல்ல இந்தப் பொண்ணு மாதிரிதான் தப்பா நினைச்சுட்டேன். மூணாவது தடவை படிச்சப்புறம்தான் தெளிஞ்சுது. நீயும் அவசரப்படாம படிம்மா. உன் படம் உனக்கே விளங்கும்.” ஒரு தாளில் என்னவோ எழுதிக் கையெழுத்தை நீட்டி இழுத்தார். அதை மேஜை மேல் வைத்துவிட்டுப் பையோடு கிளம்பினார்.

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. “உங்களுக்காவது புரிஞ்சுதுன்னு நம்பினேனே சார்! அன்னிக்கு அப்படிச் சிரிச்சீங்களே!”

விமர்சகர் எழுந்து போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கீழே வண்டி புறப்பட்டுத் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அப்புறம் சோபாவில் தொப்பென்று விழுந்து, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தார்.

“இந்தா, பிடி. திரையிட அனுமதி.” தாளை நீட்டினார்.

“அனுமதியா? இதை எதுக்கு அவர் தரணும்?”

“அடிப்பாவி! உன் படத்துக்குத் தடை போடத்தான் அந்த மனுஷன் வந்ததே!”