ஆளுக்குப் பாதி ஓடை

மோட்டார் அறையின் ஒரு மூலை அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே இருந்த மண்ணை நேற்றைய மழை கொண்டுபோய்விட்டது.

இந்தக் கரையில் அண்ணன் தம்பிகளில் பெரியவர். அந்தக் கரையில் சின்னவர். நடுவே, ஓடைக்குள் இறங்கி, முழங்கால் வரை சேறாக நின்றாள் அவர்களுடைய தங்கை.

எந்தக் கரையில் நின்றாலும் கட்சி சேர்ந்ததாகிவிடும். அதனால்தான் சேறு.

அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் இருவருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன. பேச ஏதாவது இருந்தால் பாப்பாவை வரவழைப்பார்கள்.

“பாப்பா, அவனோட தடுப்புதான் தண்ணிய என் பக்கம் தள்ளுது. என்னன்னு அவனைக் கேளு.”

பெரியவர் சொன்னது சின்னவர் காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தாலும் பாப்பா திரும்பிக் கேட்கும்வரை அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

பாகம் பிரித்தபோது ஓடையின் நடுக்கோடுதான் எல்லை என்று முடிவானது. பிறகு ஓடை கரைகளைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு வேளாண் அதிகாரி வந்து பார்த்தார். கரையில் மண்டிக் கிடக்கும் புதரை வேரோடு பிடுங்காதீர்கள், கிளைகளை மட்டும் வெட்டிக் கட்டுக்கட்டாக ஓடைக்குக் குறுக்கே போட்டு முளையடியுங்கள், தண்ணீரின் வேகம் குறைந்து மண் அங்கேயே தங்கும் என்றார்.

இருவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். சொன்னபடியே செய்தார்கள். எல்லை வரைக்கும்.

பெரியவர் தன் கரையிலிருந்து நடுக்கோடு வரை தடுப்புப் போட்டார். கயிறு பிடித்து அளந்து நிறுத்தினார். ஒரு சுள்ளி தம்பி பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் ஒடித்து எடுத்துக்கொண்டார். தம்பியின் மண்ணுக்கு அவர் ஏன் இலவசமாகக் காவல் காக்க வேண்டும்?

சின்னவரும் தன் பாதியைப் போட்டார். அண்ணன் தடுப்புக்கு நேராகப் போட்டால் அண்ணனுக்கு அடங்கிப் போனதாக ஊர் பேசும். எனவே மேட்டுப் பக்கமாக நன்றாகத் தள்ளிப் போட்டார்.

தண்ணீருக்குக் குடும்ப விவகாரம் எதுவும் தெரியாது. அது சின்னவரின் தடுப்பில் மோதித் திரும்பி, பெரியவரின் கரையைக் குடைந்தது. கொஞ்சம் கீழே வந்து பெரியவரின் தடுப்பில் மோதித் திரும்பி, சின்னவரின் எலுமிச்சை மரங்களைச் சாய்த்தது. அவரவர் ரோஷப்பட்டு அவரவர் தடுப்பை இன்னும் உயர்த்தினார்கள். ஓடை ஆழமாகி ஆழமாகி, இப்போது உள்ளே இறங்க ஏணி வேண்டும்.

மோட்டார் அறையிலிருந்து ஒரு செங்கல் கழன்று பொத்தென்று விழுந்தது.

சமையலறையிலிருந்து பெரியவரின் மனைவி கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தாள். இந்த அறை போனால் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. பயிர் மொத்தமும் அதை நம்பித்தான் நிற்கிறது.

“ரெண்டு பாதியையும் ஒரே நேரா சேத்துப் போடச் சொல்லேன் பாப்பா. நீ சொன்னா கேப்பாங்க.”



பெரியவர் அந்தரத்தில் நின்ற மூலையைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. சின்னவரும் அதைப் பார்த்துவிட்டார். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாப்பா என்ன சொன்னாலும் தனக்குச் சம்மதம் என்று ஆகாயத்திடம் சொன்னார். பெரியவரும் மெல்லத் தலையசைத்தார்.

இத்தனை வருஷ வீம்பு ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் போலிருந்தது. அந்த ஒரு வார்த்தை பாப்பாவிடம் இருந்தது.

அவள் நிமிர்ந்து இரண்டு கரையையும் பார்த்தாள்.

“பெரியண்ணா, மொதல்ல மோட்டாரைக் கழட்டி வீட்டுக்குள்ள வெச்சிடுங்க. ஆனா எல்லைய மட்டும் ரெண்டு பேரும் விட்டுக்குடுக்காதீங்க. அப்பா பிரிச்சுக் குடுத்த எல்லை. அதை மீறினா அவருக்கு என்ன மரியாதை?”

இருவரின் முகமும் மலர்ந்தது. பாப்பாவைப் போல நியாயம் தெரிந்தவள் இந்தக் குடும்பத்தில் கிடையாது என்றார் பெரியவர். அதில் சந்தேகமே வேண்டாம் என்றார் சின்னவர். ஆகாயத்திடம்தான்.

அண்ணி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடை வழியாகவே கீழே நடந்தாள். ஓடை சரிவிலிருந்து இறங்கி முடிகிற இடத்தில் அவள் கணவர் முளையடித்துக்கொண்டிருந்தார். அங்கே புதர்க் கிளைகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை இடைவெளியே இல்லாமல் இறுகக் கட்டப்பட்டிருந்தன. இங்கே இரண்டு கரையும் பாப்பாவுடையவை.

பாகம் பிரித்த அன்று அவளுக்கு ஒதுக்கியது இந்த வெறும் பாறையைத்தான். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு இதுவே அதிகம் என்று அண்ணன்கள் இருவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அன்றைக்கு எரிந்த வயிறு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பாறை இப்போது எங்கேயும் கண்ணில் படவில்லை. மேலேயிருந்து வந்த மண் அதன்மேல் இடுப்பளவு ஏறிக் கிடந்தது. நேற்றைய மழைக்கு வந்தது இன்னும் ஈரமாக இருந்தது.

கணவர் அடிப்பதை நிறுத்திவிட்டு, முகத்தில் கவலையோடு கேட்டார்.

“என்ன, சமாதானமாகிட்டாங்களா?”

“இல்லங்க, பயப்படாதீங்க.”

அவர் நெற்றி வியர்வையை வழித்துப் போட்டுவிட்டு, அடுத்த முளையை எடுத்தார்.