எழும்பி நின்ற தொண்ணூறு செக்கன்

காலையில் அவளும் எழும்பித்தான் நின்றாள்.

வேறொரு நாட்டில் ஆஸ்பத்திரிக்குக் குண்டு போட்டிருந்தார்கள். உலக நாடுகள் கூடும் அந்த மண்டபமே ஒரு நிமிடம் மௌனமாய் நின்றது. அந்த நாட்டுப் பெண்ணொருத்தி நின்றபடியே அழுதாள். யார் பெற்ற பிள்ளையானால் என்ன, அவளுக்கும் கண் கலங்கியது.

அந்த நாட்டுக்கு, குண்டு விழுந்து மூன்றே மாதத்தில் விசாரணை வந்தது. பிடியாணையும் வந்தது. வரட்டும், வரத்தான் வேண்டும்.

அவளுடைய பனிச்சங்குடா ஆஸ்பத்திரிக்கும் குண்டுதான் போட்டார்கள். நாற்பத்தொரு பேர். அதில் ஒருத்தி அவளுடைய மூத்த மகள், நேர்ஸ் உடுப்போடு.

அதற்கு இந்த மண்டபம் பதினாறு வருடமாய்க் கவலை மட்டும் தெரிவிக்கிறது.

பேச அவளுக்குத் தந்தது தொண்ணூறு செக்கன். ஐயோ, அரிசி களையக்கூடக் காணாது!

அக்கா மகன் சேந்தன் போனில் நேரம் வைத்துப் பார்த்து, ஒரு கிழமையாய் வாசிக்கப் பழக்கியிருந்தான். தாளில் உள்ளதை வாசித்தால்தான் பதிவில் ஏறும். இல்லையென்றால் இவ்வளவு தூரம் வந்ததும் வீண்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கில் வெளிச்சம் வந்தது.

முன்வரிசையில் அவளுடைய நாட்டுப் பிரதிநிதி இருந்தார். பனிச்சங்குடா ஆஸ்பத்திரியில் ஒருவரும் சாகவேயில்லை என்று வருடா வருடம் வாசிக்கிறவர். காலையில் அந்த வேறு நாட்டுக்காரருக்கு முதல் ஆளாய் எழும்பியவரும் அவர்தான். என்ன நெஞ்சழுத்தம்!

அவள் தாளை மடித்தாள்.

"சின்னம்மா, வாசியுங்கோ. நேரம் போகுது," என்றான் பக்கத்தில் இருந்த சேந்தன்.

அவளுடைய சனம் எங்கே கூடினாலும், முதலில் செத்தவர்களுக்கு அகவணக்கம். புத்தக வெளியீடு என்றாலும் எழும்பி நின்று, தலை குனிந்து, அதற்குப் பிறகுதான் பேச்சு. இந்த மண்டபம் மட்டும் என்ன விதிவிலக்கா?

அவள் எழும்பினாள்.

"எங்கட பனிச்சங்குடா ஆஸ்பத்திரியில செத்த நாப்பத்தொரு பேருக்காக, காலமை நிண்ட மாதிரி எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ."

காதுக் கருவிகளில் மொழிபெயர்ப்பு போய் முடிந்தது.

ஒருவரும் அசையவில்லை. சேந்தன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

அவள் தலை குனிந்து நின்றாள்.

காலையில் அழுத அந்த வேற்று நாட்டுப் பெண் எழும்பினாள். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு ஒரு வரிசை முழுக்க. காலையில் நின்றவர்கள் இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு இருப்பது? அவைத் தலைவரும் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் கதிரையில் இருந்தார்.

அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். கமராவைப் பார்த்தார்.

கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பினார்.

அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்ர பிள்ளைக்கு. என்ர பிள்ளைக்குத்தான் நிக்கிறார்!

சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் நின்றது.

அவள் இன்னும் கதிரையில் இருக்கவில்லை.

அவராலும் இருக்க முடியவில்லை.