நடுக் கதவு

“அந்த மூலையில என்ட அலுமாரி. இந்தப் பக்கம் பெரிய யன்னல். அதுக்குக் கீழ சின்னவன்ட தொட்டில்!”

புது அறைக்கு அளவெடுத்துப் பின்வளவில் இழுத்துக் கட்டியிருந்த நூலுக்குள் நின்று றிஷானா கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே? இந்த மாதச் சீட்டு அவளுக்கு விழுந்திருந்தது. சுவரே இல்லாத அறைக்குள் மூத்த பிள்ளைகள் இரண்டும் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கியும் விட்டன.

இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் என்றால் சும்மாவா? தண்ணீர் குடிக்க எழும்பினால் யாருடைய காலையாவது மிதிக்காமல் குசினிக்குப் போக முடியாது. இத்தனைக்கும் அது அவளுடைய சொந்த வீடு. கிண்ணியா வழக்கப்படி நிக்காஹ்வோடு வாப்பா அபூதாஹிர் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. மாப்பிள்ளை அப்ராஸ் அங்கே வந்து குடியேறியவன்தான்.

“ராத்தா, நீல டைல்ஸ் போடுங்க. பார்க்கக் கடல் மாதிரி இருக்கும்” என்றாள் நூலின் மறுமுனையைப் பிடித்திருந்த தங்கை ஹஸ்னா.

“நீலம்தான்டி! கடையில பார்த்தும் வைச்சிட்டன்.”

மேசன் ஸெய்னுதீன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்.

“இஞ்ச பாருங்க புள்ள. உங்கட ஹோல் சுவரை உடைச்சு நடுவில ஒரு கதவை வைச்சாக் காணும். செலவும் கைக்குள்ள நிக்கும். மாப்பிள்ளைத் தம்பி சொல்ற மாதிரி தனிக் குசினி, தனி பாத்ரூம், பின் ஒழுங்கையால வேற கேட் எண்டா, சீமெந்து விக்கிற விலைக்கு ரெட்டிப்பாப் போயிரும்.”

றிஷானா சட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள்.

“தனிக் குசினியா? ஆருக்கு?”

அப்ராஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வாயைத் திறக்கவே கூலி கேட்பான் போல அளந்துதான் பேசுவான்.

“அப்பிடித்தான் கட்டோணும். நடுக் கதவு வேணாம்.”

“காசுக்கு எங்க போற?”

“ஓவர்டைம் செய்றன். சீட்டுக் காசையும் சேர்ப்பம். டைல்ஸ் வேணாம். சீமெந்துத் தரை காணும்.”

“நீல டைல்ஸ்...”

“சீலிங்கும் வேணாம்.”

“என்ட அலுமாரி?”

“பழைய அலுமாரிக்கு என்ன குறை?”

நெஞ்சுக்குள் ஆசை ஆசையாய்க் கட்டி வைத்திருந்ததை எல்லாம் இந்த மனுசன் இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றுகிறானே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“சரி, எல்லாத்தையும் விடுறன். கதவை மட்டும் வைங்க!”

“அது மட்டும் ஏலாது.”

அபூதாஹிர் கிணற்றை எட்டிப் பார்க்கிற சாட்டில் அப்பால் நகர்ந்தார். குசினி வாசலில் நின்ற உம்மா ஸாலிஹாவின் முகம் வாடிப்போனது. ஒரே வளவுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் ஊர் என்ன கதைக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா?

“மகள், மருமகன்ட விருப்பப்படியே கட்டட்டும்” என்றாள் மெதுவாக. அதைக் கேட்டதும் றிஷானாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“இவ்வளவு காலமும் என்ட உம்மா ஆக்கின சோறுதானே சாப்பிட்டீங்க? இப்ப அவங்கட முகத்தைப் பார்க்க ஏலாமப் போயிட்டா? என்னையும் புள்ளைகளையும் பிரிச்சுக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வைக்கத்தானே இந்தச் சுவர்?”

வெளியாள் முன்னால் இதென்ன பேச்சு என்று ஸாலிஹா பதறிப்போனாள்.

“ஹஸ்னா, மேசன் காக்காக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வா புள்ள.”

ஹஸ்னா நூலை ஆணியில் சுற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்த அப்ராஸ், மனைவிக்குப் பக்கத்தில் வந்தான்.

“மெதுவாக் கதை. அவளுக்குக் கேக்கப்போகுது.”

“கேக்கட்டுமே! என்ட தங்கச்சிக்குத் தெரியாம இதில என்ன இருக்கு?”

“பொண்ணு பார்க்க வந்த ரெண்டு குடும்பம், அவளுக்கு எழுதிக் குடுக்க வீடு எங்க எண்டு கேட்டிட்டுத் திரும்பிப் போனாங்க. போன மாதமும் அதை நினைச்சு அவள் அழுதாள். நீ டைல்ஸ் பார்க்கக் கடைக்குப் போயிருந்த.”

றிஷானா குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“இந்த வளவு உன்ட பேர்ல இருக்கு. இப்பவே கேட்டா எழுதிக் குடுக்க மாட்டியோ எண்டு பயம். கட்டி முடிச்சிட்டுக் கேப்பம் எண்டு இருந்தன். மாமாவும் மாமியும் அவளோட அங்க போனா, எங்கட புள்ளைகளுக்கும் ஒரு அறை மிச்சம்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவனே சொன்னான்:

“நடுவில கதவு வைச்சா அது உன்ட வீட்டு அறை. வைக்காட்டித்தான் அது ஹஸ்னாட வீடு.”