கறை படாத தாள்

கலியாணப் படம் முடிய இன்னும் ஐந்து பூ வேண்டியிருந்தது. சிவாஜினி பூக்களை அழுத்திக் காயவைக்கும் பழைய டெலிபோன் புத்தகத்தின் மேலிருந்த இரண்டு செங்கற்களையும் இறக்கி வைத்துவிட்டுத் தாள்களைப் புரட்டினாள்.

மேசையில் வெள்ளை பிறிஸ்டல் போர்ட் அட்டை. அதில் காய்ந்த கனகாம்பரங்களை ஒட்டிய கொடியொன்று பாதி வளைந்திருந்தது. கீழே ‘புவனேந்திரன்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தாள்.

புவனேந்திரன் கப்பல்துறையில் படச்சட்டம் அடிப்பவர். அவளுடைய பூப்படங்களுக்குக் கண்ணாடி போட்டு, உப்புவெளி ஹோட்டல்களில் விற்றுக் கொடுப்பவரும் அவர்தான். போன வருடம் வீட்டுக்கே வந்து மாமியின் முன்னால் நின்று சிவாஜினியைக் கட்டித் தரும்படி கேட்டார்.

“என்ர மகன் உயிரோட இருக்கேக்க அவன்ர பெண்சாதியைக் கேட்டு வாறீர். உமக்கு வெக்கமில்லையோ தம்பி?” என்றார் மாமி.

புவனேந்திரன் சிவாஜினியைப் பார்த்தார். அவள் ஏலாது என்று தலையை மட்டும் அசைத்தாள். அவர் போன பிறகு கிணற்றடியில் வெகுநேரம் நின்றாள். இன்றைக்கு அவருக்கு வேறொரு பெண்ணோடு கலியாணம்.

அவளுடைய கணவன் இராகுலன் 2008 ஆகஸ்டில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். பிறகு வீடு திரும்பவில்லை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அடுத்த வருடம், அவனோடு தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த ஒருவன் கிளிவெட்டியிலிருந்து வந்தான். சிவாஜினி சந்தைக்குப் போயிருந்த நேரம். மாமியோடு படலையில் நின்று கதைத்துவிட்டுப் போய்விட்டான். “இருக்கிறானாம் பிள்ளை. ஒரு நாளைக்கு விடுவாங்களாம்” என்று மாமிதான் அவளுக்குச் சொன்னார்.

அன்றிலிருந்து மாமி தினமும் விடியக் காலையில் கிணற்றடிக் கனகாம்பரத்தில் பூப் பறித்துத் தன் கையாலேயே அவளுடைய கொண்டையில் வைப்பார். புருஷன் இருக்கிற பெண் வெறுந்தலையோடு திரியக் கூடாது என்பார். மரணச் சான்றிதழ் எடுக்கும்படி சொல்லி வந்தவர்களையும் அவர்தான் படலையோடு திருப்பி அனுப்பினார்.

ஊரடங்கில் அடைந்து கிடந்த நாட்களில்தான் சிவாஜினி போனில் பார்த்து இந்த வேலையைப் பழகினாள். மல்லிகை அழுத்தினால் கறுத்துப் போகும். செவ்வரத்தை ஈரம் விட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். கனகாம்பரம் மட்டும் தலையில் ஒரு பகல் இருந்த பிறகும் நிறம் மாறாமல் காய்ந்தது.

நாளுக்கு ஒரு தாள் என்று மூலையில் பென்சிலால் திகதி போட்டு, இரவில் கழற்றிய பூவை அதற்குள் வைப்பாள். மூன்று கிழமையில் எடுத்துவிடுவாள். அடுத்த வருடம் அதே திகதிக்கு அதே தாள். ஐந்து வருடத்தில் தாளெல்லாம் செம்மஞ்சள் கறை ஏறியிருந்தது.

ஒரு தாளில் மட்டும் கறை இல்லை. இத்தனை நாளும் அவள் அதைக் கவனிக்கவில்லை.

மாமி குசினி வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மாமி, பெப்ரவரி பதினொண்டில ஒரு வருசமும் நீங்கள் பூ பறிக்கேல்லையே?”

“அண்டைக்குத்தானே நான் முதல் பஸ்ஸில கன்னியாவுக்குப் போறனான்.”

அது அவளுக்கும் தெரியும். முழங்கால் வலிக்கு வெந்நீர்க் கிணற்றில் குளிக்கவென்று மாமி வருடத்துக்கு ஒரு தடவை தனியாகப் போய் வருவார். கூட வருகிறேன் என்றால் விடமாட்டார்.

“முழங்கால் வருசம் முழுக்க நோகுது. குளிக்கிறது மட்டும் ஏன் அந்த ஒரு நாள்?”

மாமி கீரைக் காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு, புவனேந்திரன் தாலி கட்டியாயிற்றா என்று கேட்டார்.

“ஓம் மாமி. பத்தரைக்கே முடிஞ்சுதாம். கலியாணத்துக்குப் போன றுக்கியா போன் எடுத்துச் சொன்னவ.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம்.”

சிவாஜினி பேனையை எடுத்து, விட்டிருந்த இடத்தில் ‘லோஜினி’ என்று எழுதினாள். காத்திருப்பதற்கு இராகுலன் இன்னும் இருக்கிறான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாமி சுளகைக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய கொண்டையில் இருந்த பூவைப் பார்த்தார்.

“கிளிவெட்டியால வந்தவன் எனக்குச் சொன்ன திகதிதான் பெப்ரவரி பதினொண்டு. அண்டைக்கு இராகுலன்ர திவசம், பிள்ளை.”